போதும், வேண்டும்: மின்சுற்றின் சிக்கலை அளந்த வரலாறு

சென்ற மாதம் ஹைதராபாத்தில் என் ஆய்வு முன்னேற்றக் குழுவின் முன் ஓர் இயலை வாசித்தேன். தெலுங்கு, தமிழ் வினைத்திரிபுகளின் சிக்கல்தன்மையை ஒப்பிடும் இயல் அது. இரு மொழிகளுக்கும் தனித்தனியே விதித் தொகுப்புகளை எழுதி, விதிகளை எண்ணி, ஒரு மொழிக்கு மற்றதைவிடக் கூடுதல் விதிகள் வேண்டும் என்று முடித்திருந்தேன். குழுவில் கணினியியல் துறையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இத்தனை விதிகள் போதும் என்று காட்டியிருக்கிறீர்கள். இத்தனை விதிகள் வேண்டும் என்று எங்கே காட்டியிருக்கிறீர்கள்?”

என்னிடம் விடை இல்லை. நாளை என்னைவிடக் கூர்மையான ஒருவர் பாதி விதிகளில் அதே வடிவங்களையெல்லாம் ஆக்கிக் காட்டிவிட்டால் என் ஒப்பீடு தலைகீழாகக் கவிழும். நான் அளந்தது மொழியின் சிக்கலை அன்று. என் கைத்திறனின் எல்லையை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் சொன்னார்: “இந்தக் குழியில் முதலில் விழுந்தவர் நீங்கள் அல்லர். மின்சுற்றுகளை அளக்கப் புறப்பட்டவர்கள் எண்பது ஆண்டுகளாக இதற்குள்தான் இருக்கிறார்கள். அவர்களைப் படியுங்கள்.” படித்தேன். மொழியியல் மாணவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க. கணினியியல் நண்பர்கள் பிழை கண்டால் பின்னூட்டத்தில் திருத்துக.

மின்சுற்றின் சிக்கலை அளக்கும் தேவை கணித வகுப்பறையில் பிறக்கவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் பிறந்தது. 1930களின் தானியங்கி இணைப்பகம் என்பது ஆயிரக்கணக்கான ரிலேக்களின் கூட்டம். ரிலே என்றால் மின்காந்தம் இழுத்தோ விட்டோ திறந்து மூடும் ஒரு சுவிட்சு. அதன் ஒவ்வொரு தொடுமுனைக்கும் விலை உண்டு, தேய்மானம் உண்டு, தூசி படிந்து பழுதாகும் வாய்ப்பும் உண்டு. ஒரே வேலையை நூறு தொடுமுனைகளில் செய்யும் சுற்றைவிட அறுபதில் செய்யும் சுற்று மேலானது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆக, சிக்கல் என்பதன் முதல் அளவை வெறும் எண்ணிக்கைதான்: எத்தனை தொடுமுனைகள்?

இந்த எண்ணிக்கைக்கு ஓர் இயற்கணிதம் உண்டு என்பதை 1937இல் எம்.ஐ.டி.யில் தம் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் காட்டினார் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு வயது 21. ஜார்ஜ் பூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதச் சிந்தனையின் விதிகள் என்று கருதி வகுத்த இயற்கணிதம், சுவிட்சுகளுக்கு அப்படியே பொருந்திற்று. இரண்டு தொடுமுனைகளை வரிசையாக இணைத்தால் ‘உம்’. பக்கவாட்டில் இணைத்தால் ‘அல்லது’. ஷானன் ஒருவருக்கே இது தோன்றியது என்றும் சொல்வதற்கில்லை. ஜப்பானில் அகிரா நகாஷிமாவும் மாஸ்கோவில் விக்டர் ஷெஸ்டகோவும் அதே பத்தாண்டில் தனித்தனியே அதே கருத்தை எட்டினர். அதற்கு வெகுமுன்பே, 1910இல், இயற்பியலர் பால் எரன்ஃபெஸ்ட் ஒரு நூல் மதிப்புரையில் தொலைபேசி இணைப்பகத்துக்குத் தருக்க இயற்கணிதம் பயன்படக்கூடும் என்று குறிப்பிட்டிருந்தார். நூல் மதிப்புரைகளை யாரும் கருத்தூன்றிப் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று என்னிடம் இல்லை.

சுற்று ஒரு சமன்பாடாகிவிட்டது. சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். 1950களின் முற்பகுதி முழுவதும் சுருக்கும் கலையின் காலம். 1952இல் குவைனும் வீச்சும், 1953இல் கார்னாவும், 1956இல் மெக்ளஸ்கியும் வெவ்வேறு முறைகளைத் தந்தனர். பொறியியல் படித்த எவரும் கார்னா வரைபடத்தை மறந்திருக்கமாட்டார்: கட்டங்களில் 1களையும் 0களையும் நிரப்பி, அடுத்தடுத்து இருக்கும் 1களை வட்டமிட்டுச் சேர்க்கச் சேர்க்க விடை சுருங்கும்.

ஆனால் ஒரு சார்பு இருக்கிறது. அதன் கார்னா வரைபடத்தை வரைந்தால் சதுரங்கப் பலகை கிடைக்கும். எந்த 1க்கும் அண்டையில் இன்னொரு 1 இராது. வட்டமிடுவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளீடுகளில் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று சொல்லும் சார்பு அது. இக்கட்டுரையில் அதை ஒற்றைச்சோதனை என்று அழைக்கிறேன்.

என் துறையின் கண்ணுக்கு ஒற்றைச்சோதனை மிக எளியது. சாம்ஸ்கியின் படிநிலையில் ஆக அடித்தட்டான ஒழுங்கு மொழி. இரண்டே நிலைகள் கொண்ட முடிவுறு தானியங்கி போதும்: 1 வந்தால் மற்ற நிலைக்குப் போ, 0 வந்தால் இருந்த இடத்திலேயே இரு. தானியங்கிக் கோட்பாட்டின் முதல் வகுப்பிலேயே இது வந்துவிடும். அதே சார்பை 32 உள்ளீடுகளுக்குக் கார்னா பாணியில், அதாவது ‘உம்’களை ஓர் ‘அல்லது’ சேர்க்கும் இரண்டு அடுக்குச் சுற்றாக, கட்டப் புறப்பட்டால் 2147483648 ‘உம்’கள் வேண்டும், சுமார் 214 கோடி. ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. மாறாக, இரு உள்ளீடுகள் வேறுபட்டால் மட்டும் 1 தரும் வாயிலை, பொறியாளர் எக்ஸார் கேட் என்பதை, கையில் கொடுத்தால் வெறும் 31 வாயில்களில் வேலை முடிந்துவிடும்.

இரண்டு நிலைகள், 31 வாயில்கள், 214 கோடி வாயில்கள். சார்பு ஒன்றுதான், மாறியது அளவுகோல். ‘இது சிக்கலானது’ என்ற வாக்கியம் அளவுகோலைச் சொல்லாதவரை முற்றுப்பெறாத வாக்கியம் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது இந்த மூன்று எண்களைத் தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான்.

இப்போது பேராசிரியரின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஒரு சுற்றைக் கட்டிக் காட்டினால் இத்தனை வாயில்கள் போதும் என்று நிறுவப்பட்டுவிடுகிறது. கணிதர் இதை மேல்வரம்பு என்பர். அதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. ஆனால் இத்தனை வாயில்கள் வேண்டும் என்று சொல்ல, அதாவது கீழ்வரம்பு ஒன்றை நிறுவ, இதுவரை கட்டப்பட்ட சுற்றுகளை மட்டுமன்றி இனி எவரும் எக்காலத்திலும் கட்டக்கூடிய எல்லாச் சுற்றுகளையும் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழில் வேண்டும் என்ற ஒரே சொல் விருப்பத்தையும் கட்டாயத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. என் இயலில் நான் எழுதிய வேண்டும்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்று இப்போது தெரிகிறது.

1949இல் ஷானன் இக்கேள்வியை வேறு திசையிலிருந்து தாக்கினார். அப்போது அவர் பெல் ஆய்வகத்தில் இருந்தார். ஒரு குறிப்பிட்ட சார்பை எடுத்துக்கொள்ளாமல், எல்லாச் சார்புகளையும் எண்ணினார். இரண்டு உள்ளீடுகளுக்கு 16 பூலியன் சார்புகள் உண்டு, மூன்றுக்கு 256, நான்குக்கு 65536, ஐந்துக்கு 429 கோடிக்கு மேல், ஆறுக்கு வரும்போது எண் 20 இலக்கங்களை எட்டிவிடுகிறது. மறுபுறம், குறிப்பிட்ட எண்ணிக்கைத் தொடுமுனைகளைக் கொண்டு எத்தனை வெவ்வேறு சுற்றுகளைக் கட்டலாம் என்றும் எண்ணலாம். இந்த இரண்டாம் எண், முதல் எண்ணை ஒருபோதும் ஓடிப் பிடிக்க முடியாது. மொழியியலாரின் பேச்சில் சொன்னால், பொருள்கள் மிகப் பல, குறுகிய பெயர்கள் மிகச் சில. எனவே பெரும்பாலான பொருள்களுக்கு நீண்ட பெயரே வாய்க்கும். ஏறத்தாழ எல்லாச் சார்புகளுக்கும் வேண்டிய தொடுமுனைகளின் அளவு, இரண்டை உள்ளீட்டு எண்ணிக்கைத் தடவை தன்னால் தானே பெருக்கி, வந்ததை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை ஒட்டியது. 32 உள்ளீடுகள் என்றால் 134217728. பதின்மூன்று கோடிக்கு மேல். 1958இல் மாஸ்கோவில் ஒலெக் லுபானவ், தருக்க வாயில்களால் ஆன சுற்றுகளில் எந்தச் சார்புக்கும் ஏறத்தாழ அதே அளவு போதும் என்றும் காட்டிவிட்டார்.

இம்முடிவைப் படித்தவுடன் வரும் மகிழ்ச்சி அடுத்த நிமிடமே கலைந்துவிடும். ஏறத்தாழ எல்லாச் சார்புகளும் மிகக் கடினமானவை. சரி, ஒன்றைச் சுட்டிக் காட்டுங்கள் என்றால் ஷானனின் நிறுவலால் முடியாது. கடலில் உப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, ஒரு கல் உப்பையும் எடுத்துக் கொடுக்க முடியாத நிலை. நமக்கு ஆர்வமூட்டும் சார்புகள், அதாவது பெருக்கல், வரிசைப்படுத்தல், வழி கண்டுபிடித்தல் போன்றவை, அந்தப் பெருங்கூட்டத்தில் சேர்ந்தவையா, அரிதாகத் தப்பிய எளியவையா என்பதை அது சொல்வதில்லை.

கடினமாகத் தோன்றுவது வேறு, கடினம் என்று நிறுவுவது வேறு என்பதற்கு மாஸ்கோவிலேயே ஒரு பாடம் நடந்தது. இரண்டு பெரிய எண்களைப் பெருக்க நாம் பள்ளியில் கற்ற முறையில், இலக்கங்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். இதைவிடக் குறைக்க இயலாது என்பது கல்மகோரவின் ஊகம். காரணமும் நியாயமாகத்தான் பட்டது: பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் பெருக்கி வருகின்றனர், எளிய வழி இருந்திருந்தால் இதற்குள் அகப்பட்டிருக்கும். 1960இல் தம் கருத்தரங்கில் இதை அவர் முன்வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது மாணவர் அனதோலி கரட்சூபா ஒரு வாரத்துக்குள் ஊகத்தை உடைத்தார். நான்கு சிறு பெருக்கல்களின் இடத்தில் மூன்று போதும் என்று காட்டினார். இலக்கம் இரட்டித்தால் வேலை மூன்று மடங்கு மட்டுமே. பல்லாயிரம் ஆண்டுப் பழக்கமும் ஒரு மேல்வரம்புதான்.

நம் பக்கத்தில் இதற்கு நிகரான ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். பாணினியின் அஷ்டாத்யாயி ஏறத்தாழ 4000 சூத்திரங்களில் வடமொழியை அடக்குகிறது. இதைவிடச் சுருக்க இயலாது என்ற வியப்பு நமக்கு எழுவது இயல்பு. ஆனால் வியப்பு நிறுவல் ஆகாது. தகவலின் மிகச் சுருங்கிய விவரிப்பு எவ்வளவு நீளம் என்பதைப் பொதுவாகக் கணித்துச் சொல்லும் முறையே இருக்க முடியாது என்பது, 1960களில் அதே கல்மகோரவும் வேறு சிலரும் வகுத்த கோட்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவு. இலக்கணத்தின் நீளத்தை வைத்து மொழிகளை ஒப்பிடும் நாமெல்லாரும் இந்தச் சுவரின் நிழலில்தான் அமர்ந்திருக்கிறோம்.

ஆனால் சுவரில் ஒரு விரிசலை முதலில் கண்டவர் பெல்லா சுப்பதோவ்ஸ்கயா. 1961இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஒற்றைச்சோதனைக்கு ஒரு கீழ்வரம்பை நிறுவினார். ‘உம்’, ‘அல்லது’, ‘அல்ல’ மூன்றும் மட்டும் கொண்ட கோவையாக அதை எழுதினால், கோவையின் நீளம் உள்ளீட்டு எண்ணிக்கையின் ஒன்றரை அடுக்குக்குக் குறையாது என்பது அவர் கண்ட முடிவு. முடிவைவிட வழி அழகானது. கோவையில் மிகுதியாக வரும் ஒரு மாறியை எடுத்து, அதற்கு 0 அல்லது 1 என்று மதிப்பைத் தற்செயலாக நிலைநிறுத்துங்கள். அந்த மாறி வரும் இடங்கள் மறைவது இயல்பு. அதோடு நிற்பதில்லை. ‘உம்’முக்கு ஒரு பக்கம் 0 என்றால் மறுபக்கம் முழுவதும் பொருளிழந்து உதிரும், ‘அல்லது’வுக்கு ஒரு பக்கம் 1 என்றாலும் அப்படியே. ஆகவே கோவை, எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுருங்குகிறது. ஒற்றைச்சோதனையோ சுருங்குவதில்லை: எத்தனை மாறிகளை நிலைநிறுத்தினாலும், எஞ்சியவற்றின் மேல் அது ஒற்றைச்சோதனையாகவே நீடிக்கிறது. கடைசி ஒரு மாறி எஞ்சும்போதும் கோவையில் ஏதோ ஒன்று மிச்சமிருக்க வேண்டும். இவ்வளவு வேகமாக உதிர்ந்தும் இறுதியில் ஒன்று மிஞ்ச வேண்டுமானால் தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? அந்தக் கணக்குத்தான் கீழ்வரம்பு. பத்தாண்டு கழித்து, 1971இல் ஹ்ராப்சென்கோ வேறு முறையில் அதை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தினார். 32 உள்ளீடுகளுக்கு 1024; அவ்வளவு போதும் என்பதும் தெரியும். போதும், வேண்டும் இரண்டும் துல்லியமாகச் சந்தித்த அரிய இடங்களில் அது ஒன்று.

சுப்பதோவ்ஸ்கயாவின் பெயரைக் கணிதர்களில் பலர் நினைவுகூர்வது இந்த நிறுவலுக்காக அன்று. 1970களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் கணிதப் புலத்தில் யூத மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வில் தனிக் கணக்குகள் கொடுக்கப்பட்டன. விடை சுருக்கமாகத் தோன்றினும் தேர்வறையில் கண்டுபிடிக்க ஏறத்தாழ இயலாத கணக்குகளாகத் தேடி எடுத்தவை அவை. சிக்கலை அளக்கும் கலை, வாசலை அடைக்கும் கலையாகப் பயன்பட்ட இடம் அது. அவ்வாறு தள்ளப்பட்ட மாணவர்களுக்காக 1978இல் தம் சிறிய குடியிருப்பிலேயே வகுப்புகளைத் தொடங்கினார் சுப்பதோவ்ஸ்கயா. பின்னாளில் அது யூத மக்கள் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட்டது. யூதர் அல்லாதாரும் படித்தனர். திமித்ரி ஃபுக்ஸ் போன்ற முன்னணிக் கணிதர்கள் அங்கே பாடம் நடத்தினர். 1982இல் உடன் பணியாற்றிய வலேரி செந்தேரவ் கைதானார். சுப்பதோவ்ஸ்கயாவும் உளவுத்துறையின் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 23 இரவு, தெருவில் ஒரு லாரி மோதி உயிரிழந்தார். விபத்து அன்று என்று ஐயுற்றவர் பலர், எதுவும் நிறுவப்படவில்லை. அவருக்கு வயது 44.

அவர் இறந்த காலத்தை ஒட்டித்தான் அவருடைய உத்தி அமெரிக்காவில் மறுபிறப்பு எடுத்துக்கொண்டிருந்தது. 1981இல் ஃபர்ஸ்ட், சாக்ஸ், சிப்சர் மூவரும், 1983இல் ஐதாயும், மாறிகளைத் தற்செயலாக நிலைநிறுத்தும் அதே கருத்தைக் கொண்டு, ஆழம் மாறாத சுற்றுகளால் ஒற்றைச்சோதனையைச் சிக்கனமாகச் செய்ய இயலாது என்று நிறுவினர். ஆழம் என்பது உள்ளீட்டிலிருந்து விடைவரை கடக்க வேண்டிய வாயில்களின் அடுக்கு. உள்ளீடு எவ்வளவு பெருகினாலும் அடுக்குகளை ஐந்து என்றோ பத்து என்றோ நிறுத்திக்கொண்டால், ‘உம்’, ‘அல்லது’ வாயில்கள் எத்தனை உள்ளீடுகளை ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டாலும், வாயில்களின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். 1986இல் யொஹான் ஹோஸ்டாட் அந்தப் பெருக்கம் எவ்வளவு என்பதை ஏறத்தாழத் துல்லியமாக வரையறுத்தார். இரண்டு நிலைத் தானியங்கியின் குழந்தை விளையாட்டு, இந்த அளவுகோலில் ஏறமுடியாத மலை.

(இடையில் பொறியாளரின் அளவுகோலும் மாறிவிட்டிருந்தது. ரிலே போய் டிரான்சிஸ்டர் வந்து, பின் அவை ஒரே சிலிக்கான் துண்டில் திணிக்கப்பட்டபோது, இடத்தை அடைப்பது வாயில்கள் மட்டுமன்று, அவற்றை இணைக்கும் கம்பிகளும்தான் என்பது தெரிந்தது. 1979இல் கிளார்க் தாம்சன் சில்லின் பரப்பையும் கணிக்கும் நேரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி ஓர் அளவையாக்கி, அதற்குக் கீழ்வரம்புகள் நிறுவினார். தனிப் பதிவுக்கு உரிய கதை.)

1985இல் எல்லாம் முடிந்துவிடும் போலத் தோன்றிய ஒரு கணம் வந்தது. மாஸ்கோவின் இளம் ஆய்வாளர் அலெக்சாந்தர் ரஸ்போரவ், ‘அல்ல’ வாயிலே இல்லாத சுற்றுகளுக்கு மிகப் பெரிய கீழ்வரம்பு ஒன்றை நிறுவினார். ஒரு வலையமைப்பில் எல்லாரும் எல்லாரோடும் இணைந்த பெருங்குழு உண்டா என்று கண்டறியும் சார்பு அது. விரைவில் சரிபார்க்க முடிந்ததையெல்லாம் விரைவில் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற, கணினியியலின் தலையாய கேள்வியான பி, என்பி சிக்கலுக்கு நேர்ப் பாதை இது என்று பலர் நம்பினர். ஆனால் அதே ஆண்டில் அவரே இன்னொன்றையும் காட்டினார்: வலையமைப்பின் உறுப்பினரை விடுபடாமல் இணை சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கும் ‘அல்ல’ இல்லாத சுற்றுகள் கட்டுக்கடங்காமல் பெருக்கின்றன. இக்கேள்விக்கோ 1965இலேயே எட்மண்ட்ஸ் விரைவான வழிமுறை கண்டிருந்தார். எனவே ‘அல்ல’ இல்லாச் சுற்றில் கடினம் என்பதால் பொதுச் சுற்றிலும் கடினம் என்று ஆகிவிடாது. எதிர்மறை என்ற ஒரு சொல்லைத் தடை செய்துவிட்டு மொழி கடினம் என்று முறையிடுவது போன்றது அது.

பிறகு வந்ததுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் கலங்கடித்த பகுதி. 1994இல் ரஸ்போரவும் ஸ்டீவன் ருடிச்சும், கீழ்வரம்பு நிறுவல்கள் ஏன் நின்றுபோயின என்பதையே ஆராய்ந்தனர். அதுவரை வந்த நிறுவல்களுக்கெல்லாம் ஒரு பொது வடிவம் இருந்தது: ஒரு பண்பைக் கண்டுபிடி, அந்தப் பண்பு உள்ள சார்பைச் சிறு சுற்றால் கணிக்க முடியாது என்று காட்டு, உன் சார்பில் அந்தப் பண்பு இருப்பதைக் காட்டு. பெரும்பாலான சார்புகளிலும் அந்தப் பண்பு இருக்கும். ஒரு சார்பைக் கொடுத்தால் பண்பு இருக்கிறதா என்று எளிதில் சோதிக்கவும் இயலும். இத்தகைய நிறுவலை அவர்கள் இயல்பான நிறுவல் என்று அழைத்தனர். இயல்பான நிறுவல் பொதுச் சுற்றுகளுக்குக் கிடைத்தால், உண்மையான தற்செயலையும் சிறு சுற்றொன்று தற்செயல் போலப் பாவனை செய்வதையும் பிரித்தறியும் கருவி கிடைத்ததாகும். அந்தக் கருவி மறையாக்கத்தை உடைத்துவிடும். மறையாக்கம் உடையாது என்று நம்புவோமானால், இயல்பான நிறுவல் கிடையாது என்றும் ஏற்க வேண்டும். உலகில் கடினமானவை உண்மையிலேயே உள்ளன என்பதே, அவை கடினம் என்று எளிய வழியில் நிறுவ விடாமல் தடுக்கிறது. இக்கட்டுரைக்கு 2007இல் கோடல் பரிசு கிடைத்தது. சிந்தனை வரலாற்றில் ஒரு துறை தன் தோல்விக்குத் தானே இவ்வளவு நேர்மையான விளக்கம் எழுதிய தருணங்கள் மிகச் சில என்பது என் எண்ணம்.

இன்றைய நிலை என்ன? இரண்டு உள்ளீடுகள் கொண்ட எல்லா வகை வாயில்களையும் அனுமதித்தால், தெளிவாகச் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு சார்புக்கு நிறுவப்பட்ட கீழ்வரம்பு 1984இல் நோர்பர்ட் பிளம் தந்தபடி உள்ளீட்டு எண்ணிக்கையின் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2016இல் அது மூன்றுடன் எண்பத்தாறில் ஒரு பங்கு சேர்ந்ததாயிற்று. 2022இல் லீ, யாங் இருவரும் 3.1 மடங்குக்குக் கொண்டு வந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு முன்னேற்றம். இவ்வரம்புகள் உள்ளீடுகள் மிகப் பெருகும்போது பொருந்துபவை. இருந்தாலும் அளவை உணர 32ஐயே வைத்துப் பாருங்கள். ஷானனின் எண்ணிக்கை வாதம், பெரும்பாலான சார்புகளுக்குப் பதின்மூன்று கோடியை ஒட்டி வாயில்கள் வேண்டும் என்கிறது. பெயர் சொல்லிச் சுட்டிய ஒரு சார்புக்கு நம்மால் உறுதிகூற முடிந்தது சுமார் நூறு.

வாயில்களில் 0, 1க்குப் பதிலாகக் கூட்டலும் பெருக்கலும் செய்யும் இயற்கணிதச் சுற்றுகளில் நிலைமை சற்றே நம்பிக்கையூட்டுகிறது. அங்கே இந்தியர் பங்கு பெரிது. 2008இல் மணீந்திர அகர்வாலும் வி. வினயும், ஆழம் நான்கே உள்ள சுற்றுகளுக்குப் போதிய வலுவுள்ள கீழ்வரம்பு கிடைத்தால் பொதுச் சுற்றுகளுக்கும் கிடைத்துவிடும் என்று காட்டியது பெருந்திருப்பம். 2021இல் நூதன் லிமாயே, ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன், செபாஸ்டியன் தவேனா மூவரும் ஆழம் மாறாத இயற்கணிதச் சுற்றுகளுக்கு முதன்முறையாகப் பல்லுறுப்பு அளவைத் தாண்டும் கீழ்வரம்பை நிறுவினர். முதல் இருவரும் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

மொழியியல் மாணவர்கள் இதுவரை படித்திருந்தால், இது நமக்கெதற்கு என்று கேட்கக்கூடும். இன்று நம் துறையின் கூட்டங்களில் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும் மொழி மாதிரிகள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பில் அமைந்தவை. வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் அதில் அடுக்குகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதாவது, ஆழம் மாறாத சுற்று. 2020இல் மைக்கேல் ஹான், ஒரே இடத்தில் மட்டும் கவனம் குவிக்கும் வகை டிரான்ஸ்ஃபார்மரால் ஒற்றைச்சோதனையை எல்லா நீளங்களுக்கும் செய்ய இயலாது என்று நிறுவினார். நிறுவலின் உத்தி, சில உள்ளீடுகளைத் தேர்ந்து நிலைநிறுத்தி மாதிரியின் அடுக்குகளைக் கரைப்பது. ஃபர்ஸ்ட், சாக்ஸ், சிப்சர் மூவரின் வழி. மாஸ்கோவில் 1961இல் ஒரு கோவையை உதிரச் செய்த அதே யோசனை.

அதை மட்டும் படித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணத் தெரியாது என்று எழுதுபவரைக் காண்கிறேன். 2022இல் சியாங், சோலக் இருவரும் கவனத்தைப் பரவவிடும் வகை டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஒற்றைச்சோதனைக்குக் கட்டியே காட்டினர். ஹானின் கீழ்வரம்பு பொய்யாகவில்லை, அளவுகோல் வேறு. 2023இல் மெரில், சபர்வால் இருவரும், துல்லியம் மட்டுப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள் அனைத்தும் பெரும்பான்மையைக் கணிக்கும் வாயில்கள் கொண்ட, ஆழம் மாறாத சுற்று வகுப்புக்குள் அடங்கும் என்றனர். அந்த வகுப்பால் எது இயலாது? என்பி வகுப்பின் கடினமான சிக்கல்களைக்கூட அந்த வகுப்பால் தீர்க்க இயலாது என்று இதுவரை எவராலும் நிறுவ முடியவில்லை. இயலாது என்று ஏறத்தாழ எல்லாரும் நம்புகின்றனர். கல்மகோரவும் அப்படித்தான் நம்பினார்.

என் இயலுக்கு வருகிறேன். முடிவுறு தானியங்கிகளுக்கு மட்டும் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1950களின் இறுதியில் மைஹில், நெரோடு இருவரும் தந்த தேற்றத்தால், ஓர் ஒழுங்கு மொழிக்கு அடுத்தடி ஐயமற்ற தானியங்கியில் மிகக் குறைந்தது எத்தனை நிலைகள் வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். வினைத்திரிபுகளை அத்தகைய தானியங்கியாக எழுதிய பகுதியில் என் எண்கள் நிற்கும். நான் தொகுத்த வடிவங்களுக்கு மட்டும், அந்த அளவுகோலில் மட்டும். விதிகளை எண்ணிய பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நேற்றிரவு கோப்பைத் திறந்து வேண்டும் என்ற சொல்லைத் தேடினேன். பதின்மூன்று இடங்கள். இரண்டை விட்டுவிட்டேன். மற்ற பதினொன்றையும் போதும் என்று மாற்றினேன். மொழிகளை வரிசைப்படுத்திய அட்டவணையை நீக்கிவிட்டேன்; அதற்குப் பதிலாக அங்கே என்ன வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த கூட்டம் ஜூலையில்.